செல்லப்பிராணி தகன உலை வாங்க மொத்தம் எவ்வளவு ஆகும்? காவிரிப் படுகைக்கு ஒரு கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் காவிரிப் படுகையில் ஒரு நாயை அடக்கம் செய்வது பெரும்பாடு. பல ஊர்களில் மூன்றடி தோண்டினாலே நீர் ஊறிவிடும். ஆழம் குறைத்துப் புதைத்தால் தெருநாய்கள் கிளறிவிடும். இருட்டில் வாய்க்காலில் விட்டுவிட்டால் அது அடுத்த ஊர் படித்துறையில் போய் ஒதுங்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் வீட்டில் ஒருவராக இருந்த உயிருக்கு இந்த முடிவு கூடாது என்று நினைக்கும் கால்நடை மருத்துவர்களும் விலங்கு நலக் குழுக்களும் தகன உலை போடலாமா என்று விசாரிக்கும்போது முதலில் கைக்கு வருவது ஒரு கொட்டேஷன். அதன் அடியில் இருக்கும் தொகையை மொத்தச் செலவு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பாதியிலேயே நின்றுவிடும். சிம்னி, தரை, எரிவாயு, ஒவ்வொரு முறையும் குளிர்ந்த உலையைச் சூடேற்றும் செலவு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் உலையின் விலை.

முதலில் அளவு. லாப்ரடார் 25 முதல் 36 கிலோ இருக்கும். ராட்வீலர் 50 கிலோவைத் தொடும். கிரேட் டேன் 60 கிலோவைத் தாண்டும். ராஜபாளையம், கன்னி போன்ற நாட்டு நாய் இனங்கள் எடை குறைவு, ஆனால் கால் நீளம். ஆகவே கிலோ கணக்கை மட்டும் கேட்காமல் உள் அறையின் நீள அகலத்தையும் கேளுங்கள். 1.4 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம், 80 செ.மீ. உயரம் இருந்தால் பெரும்பாலான நாய்களை மடக்காமல் படுக்க வைக்கலாம். மாட்டுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்க வேண்டாம். 350 கிலோ மாட்டுக்கான உலையில் 4 கிலோ பூனையை எரித்தால் எரிபொருள் முழுக்கச் சுவரைச் சூடாக்கவே போய்விடும். அஸ்தியும் அந்தப் பெரிய தரையில் சிதறி, முழுதாகத் திரட்ட முடியாது.

உள்சுவர் எதனால் ஆனது என்பதுதான் இந்த வாங்கலில் நீங்கள் எடுக்கும் முக்கிய முடிவு. ஒரு 30 கிலோ நாயின் உடலில் சுமார் 20 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்கி 850 டிகிரி வரை கொண்டுபோக ஏறக்குறைய 85 மெகாஜூல் வெப்பம் போதும். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் 46 மெகாஜூல் வரும். அதாவது தண்ணீருக்கு இரண்டு கிலோ வாயு. உடலின் கொழுப்பு தானே எரிந்து வெப்பம் தரும். அப்படியானால் மீதி வாயு எங்கே போகிறது?

செங்கலுக்கு. முழுக்க ஃபயர் பிரிக் (வெப்பம் தாங்கும் செங்கல்) வைத்துக் கட்டிய இந்த அளவு உலையில், உடல் எரியும் அறை, புகையை மறுபடி எரிக்கும் அறை இரண்டுக்கும் சேர்த்து, சூடாகும் கல் மட்டும் 2 டன் அளவுக்கு வரும். அது சராசரியாக 500 டிகிரி ஏற 1,000 மெகாஜூல் வேண்டும். சிம்னி வழியாகப் போகும் சூட்டையும் சேர்த்தால், குளிர்ந்த உலையைத் தயார் செய்யவே சுமார் 40 கிலோ வாயு, இரண்டரை மணி நேரம் ஆகும். கிலோ 100 ரூபாய் என்று வைத்தால், உடலை எரிக்கும் வாயுவைக் கணக்கில் சேர்க்கும் முன்பே 4,000 ரூபாய். அதன்பின் 30 கிலோ நாய் எரிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், 15 முதல் 18 கிலோ வாயு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தகனம் என்றால் எரிபொருள் மட்டும் 5,600 ரூபாய் அளவுக்கு வரும். அதே நாளில் மூன்று என்றால் தலைக்கு 2,900 ரூபாய்தான்.

செராமிக் ஃபைபர் (பஞ்சு போன்ற வெப்பத்தடுப்பு) வைத்த உலை வேறு மாதிரி. ஒரு கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தியுள்ள ஃபைபர் ஆறு அங்குலம் வைத்தால் சதுர மீட்டருக்கு 20 கிலோகூட வராது. சூடேற்ற 10, 12 கிலோ வாயு, முக்கால் மணி நேரம் போதும். வாரத்துக்கு நாலைந்து தகனம்தான் வரும் என்ற ஊருக்கு இதுவே சரி. ஆனால் தரையிலும் சுவரின் கீழ் ஓரடியிலும் ஃபைபர் கூடவே கூடாது. உருகிய கொழுப்பு அதில் ஊறி, உள்ளேயே எரிந்து, இரும்புத் தகட்டைச் சிவக்க வைத்துவிடும். சாம்பல் வழிக்கும் கரண்டி இரண்டு இடத்தில் இடித்தாலே கிழிந்துவிடும். தரைக்கு உயர் அலுமினா கல் அல்லது காஸ்டபிள் (ஊற்றி வார்க்கும், வெப்பம் தாங்கும் கலவை), கீழ் ஓரடிக்கு ஃபயர் பிரிக், மேல் சுவருக்கும் கூரைக்கும் கதவுக்கும் ஃபைபர் என்று கலந்து கேளுங்கள். தரையை நடுவை நோக்கி லேசான பள்ளமாக வார்த்தால் கொழுப்பு கதவு வழியாக வெளியே வழியாது. விற்பவர் இதற்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம். தனித் தகனங்களில் சேமிக்கும் வாயுவிலேயே அது நாற்பது தகனத்துக்குள் திரும்பிவிடும். ஃபைபர் சில ஆண்டுகளில் சுருங்கி விரிசல் விடும், மாற்ற வேண்டியிருக்கும். பழைய ஃபைபரைப் பிரிக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், என்95 முகக்கவசம் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கக் கூடாது.

மின்சார உலை சத்தமில்லாதது, சுத்தமானது. ஆனால் அது எப்போதும் சூடாகவே இருக்கும் இடத்துக்கு ஏற்றது. வாரத்தில் சில நாள் மட்டும் ஓட்டினால் சூடேறவே பாதி நாள் போகும். இணைப்பில் அனுமதி வாங்கி வைத்த மின் அளவுக்கு (லோடு), ஓட்டாவிட்டாலும், மாதம் தவறாமல் டிமாண்ட் கட்டணமும் கட்ட வேண்டும்.

டீசலா, எல்.பி.ஜி.யா? ஒரு லிட்டர் டீசல் 36 மெகாஜூல். லிட்டர் 95 ரூபாய் என்றால் ஒரு மெகாஜூலுக்கு 2 ரூபாய் 64 பைசா. 19 கிலோ வணிக சிலிண்டர் 1,900 ரூபாய் என்றால் 2 ரூபாய் 17 பைசா. விலை மாதாமாதம் மாறும், அன்றைய விலையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, உங்கள் தகன சேவையும் வரிக்கு உட்பட்டதாக இருந்தால், வணிக எல்.பி.ஜி.க்குக் கட்டிய 18 சதவீத வரியை ஈடுகட்டிக்கொள்ளலாம். டீசலுக்கு அந்த வழியே இல்லை. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம்.

எல்.பி.ஜி.யில் பலர் அடிபடும் இடம் ஒன்று உண்டு. 150 கிலோவாட் பர்னர் மணிக்கு 12 கிலோ வாயு கேட்கும். 19 கிலோ சிலிண்டரிலிருந்து வாயுவாகத் தொடர்ந்து இழுத்தால் மணிக்கு ஒரு கிலோ அளவுக்குத்தான் வரும். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்து, சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெளியே வேர்க்கும், பிறகு வெள்ளையாக உறைபனி படரும். அழுத்தம் இறங்கும், பர்னர் தானாக அணைந்து லாக்அவுட் ஆகும் (பூட்டிக்கொள்ளும்). பாதி எரிந்த உடல் உள்ளே, குடும்பம் வெளியே. சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது ஆபத்தான குறுக்குவழி. சரியான தீர்வு திரவமாக எடுக்கும் எல்.ஓ.டி. சிலிண்டர், அதோடு அந்தத் திரவத்தை வாயுவாக்கும் மின் வேப்பரைசர். இரண்டும் ரெகுலேட்டரும் குழாயும் சேர்த்து ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை ஒதுக்குங்கள். கொட்டேஷனில் ‘வாயு இணைப்பு வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று ஒரு வரி இருந்தால், இந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

100 கிலோ வரை எல்.பி.ஜி. இருப்பு வைக்க உரிமம் வேண்டாம். அதாவது 19 கிலோவில் ஐந்து, அல்லது 47.5 கிலோவில் இரண்டு. ஆறாவது சிலிண்டர் வந்தால் வெடிபொருள் துறை உரிமம் வேண்டும். செங்கல் உலையில் மூன்று தகனத்துக்கு 90 கிலோ ஆகும் என்பதால், ஒரே நாளில் கையிருப்பு முழுக்கத் தீர்ந்துவிடும். சிலிண்டர் வர இரண்டு நாள் ஆகும் ஊரில் இதையும் யோசிக்க வேண்டும். டீசல் என்றால், ஒரு கலத்தில் 1,000 லிட்டருக்கு மிகாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும், நாசில் அடைக்கும், தொடக்கத்தில் புகையும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். சிலிண்டர் மேடைக்குப் பக்கத்தில் சாக்கடையோ குழியோ வாய்க்கால் மதகோ இருக்கக் கூடாது.

அடுத்து இரண்டாம் அறை. முதல் அறையில் உடல் எரியும். அதிலிருந்து வரும் புகை இரண்டாம் அறையில் மறுபடி எரிய வேண்டும். நாற்றமும் கரும்புகையும் வருவதும் வராததும் இங்கேதான் முடிவாகிறது. மருத்துவக் கழிவு உலைகளுக்கான 2016 விதிகள் முதல் அறைக்கு 800, இரண்டாம் அறைக்கு 1,050 டிகிரி, அங்கே வாயு குறைந்தது இரண்டு விநாடி தங்க வேண்டும், சிம்னி 30 மீட்டர் என்று சொல்கின்றன. உங்கள் உலைக்கு எந்த நிபந்தனை என்பதைத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிக் கடிதம்தான் தீர்மானிக்கும். ஆனால் விற்பவரை அளக்க இந்த இரண்டு விநாடி நல்ல அளவுகோல். இந்த அளவு உலையில் இரண்டு பர்னரும் ஓடும்போது மணிக்கு 600 கிலோ அளவுக்குப் புகைவாயு வரும். 1,050 டிகிரியில் அது விநாடிக்கு 0.6 கன மீட்டர். இரண்டு விநாடி தங்க 1.2 கன மீட்டர் இடம் வேண்டும். மலிவான உலைகளில் சிம்னியின் அடியில் ஒரு பர்னரைச் செருகி அதையே இரண்டாம் அறை என்பார்கள். வரைபடத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 0.2 கன மீட்டர் வந்தால் வாயு அரை விநாடிகூட அங்கே நிற்காது, மூன்றாம் தெருவரை நாற்றம் போகும்.

சிம்னிக்கு எடைக் கணக்கு எளிது. 35 செ.மீ. விட்டம், 6 மி.மீ. தகடு என்றால் மீட்டருக்கு 52 கிலோ. 12 மீட்டருக்கு 620 கிலோ. 30 மீட்டருக்குக் குழாய் மட்டும் 1,550 கிலோ. அடித்தகடு, ஏணி, இழுகம்பி சேர்த்தால் இரண்டரை டன் பக்கம். கிலோ 130 ரூபாய் என்றால் மூன்றேகால் லட்சம், அஸ்திவாரமும் கிரேனும் தனி. ஆகவே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் உயரம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் சிம்னிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். 12 மீட்டர் போட்டுவிட்டுப் பிறகு நீட்ட முடியாது, அடித்தளம் தாங்காது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கம் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். காற்று விசைக் கணக்கோடு பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம் கேளுங்கள். சிம்னியை ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வைத்த துண்டுகளாகச் செய்யச் சொல்லுங்கள். உச்சியில்தான் புகை குளிர்ந்து அமிலம் படியும், கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றும் சேரும், மேல் துண்டுதான் முதலில் துருவேறும். அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

அனுமதியில் இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அதிலிருந்து பிரிந்த மயிலாடுதுறை, கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்கள் ஆகியவற்றில் சில தொழில்களைத் தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் எலும்பு, கொம்பு, குளம்பு முதலிய விலங்கு உடற்பாகங்களைப் பதப்படுத்துவதும் உண்டு. தகனம் அதுவல்ல. ஆனால் விண்ணப்பத்தில் ‘விலங்கு உடல் பதப்படுத்துதல்’ என்று கவனக்குறைவாக எழுதினால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். ‘செல்லப்பிராணி தகனம், எந்த விளைபொருளும் விற்பனைக்கு இல்லை’ என்று தெளிவாக எழுதுங்கள். வாரியத்தில் நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என இரண்டு இசைவாணை. உள்ளாட்சி உரிமம் தனி. முதல் இசைவாணை கைக்கு வரும் வரை உலைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இடம் தேடும்போது தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேடு நன்செய் நடுவில் இருக்கும் மனையைவிட மலிவாக முடியும். மனை விலையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் அஸ்திவாரத்தில் மிச்சமாகும். களிமண்ணில் நாலைந்து டன் உலையை நிறுத்த ராஃப்ட் (அடி முழுக்கப் பரவும் கான்கிரீட் தளம்) போட வேண்டும், பீடத்தை வெள்ள மட்டத்துக்கு மேல் இரண்டு, மூன்று அடி தூக்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கினால் கதவு சரியாகப் பூட்டாது, இடைவெளியில் புகை கசியும். மறக்கக் கூடாத இன்னொன்று வழி: மனைக்குப் போகும் பாதையில் எத்தனை வாய்க்கால் பாலம், மதகு இருக்கிறது, உலை ஏற்றிய லாரியும் ஹைட்ரா கிரேனும் அதன் மேல் போகுமா என்று நடந்து பார்த்துவிட்டுப் பத்திரம் போடுங்கள்.

மும்முனை இணைப்பு வணிக விகிதத்தில்தான் கிடைக்கும். வயல் மோட்டார் இணைப்பிலிருந்து இழுப்பது குற்றம். ப்ளோயர் (காற்று ஊதும் விசிறி), பர்னர், பேனல் (கட்டுப்பாட்டுப் பெட்டி), வேப்பரைசர் எல்லாம் ஓட 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் அவசியம். நடுவில் மின்சாரம் போனால் பர்னர் அணைந்துவிடும், ஆனால் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும். காற்று இல்லாமல் கரும்புகை கதவு வழியாக வெளியே வரும்.

ஆக, 50 கிலோ அளவுள்ள, இரண்டு அறை, இரண்டு பர்னர் உலைக்குத் தோராயமாக 9 முதல் 14 லட்சம், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சிம்னி ஒன்றரை முதல் நாலரை லட்சம். கொட்டகையும் தரையும் மூன்று முதல் ஐந்து. ஜெனரேட்டர், மின் இணைப்பு இரண்டரை. வாயு ஏற்பாடு ஒன்றரை. இறக்குகூலி, கிரேன், அனுமதிக் கட்டணம், கைச்செலவு ஒரு லட்சம். மனை நீங்கலாக 20 லட்சத்துக்குக் கீழே சொல்பவரிடம் எதை விட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

திருச்சி துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் கொதிகலன் வேலை செய்யும் பட்டறைகள் நிறைய. வெளிக்கூடு, சிம்னி, ஃபயர் பிரிக் கொத்தனார் எல்லாம் அங்கேயே கிடைப்பார்கள், பழுதென்றால் ஒரு மணி நேரத்தில் ஆள் வரும். வடநாட்டிலிருந்து முழு உலை வருவதைவிட, பர்னரையும் பேனலையும் பெயர் பெற்ற நிறுவனத்தில் வாங்கி மற்றதை இங்கே செய்வது மலிவாக முடியும், ஒரே நிபந்தனை: மொத்த வடிவமைப்புக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பற்றவைக்கும் எலக்ட்ரோடு, சுடரை உணரும் யூ.வி. சென்சார், வாயுவைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள், கதவு இடுக்கை அடைக்கும் கயிறு ஆகியவற்றில் ஒவ்வொரு உபரி கையில் இருக்கட்டும்.

சேர்க்க வேண்டிய ஒன்று, விடக்கூடிய ஒன்று. 400 லிட்டர் பெட்டிக் குளிர்பதனி ஒன்று கட்டாயம். சித்திரை வெயிலில் ஒரு பொழுதுக்குள் உடல் உப்பிவிடும், அதோடு இரண்டு, மூன்று தகனங்களை ஒரே நாளில் செய்யவும் அதுதான் வழி. உறைய விடாமல் 4 டிகிரியில் வையுங்கள். உறைந்த உடல் உள்ளே வேக நேரம் எடுக்கும். விடக்கூடியது எலும்பு அரைக்கும் எந்திரம். வெளிநாட்டில் பொடியாகத்தான் கொடுப்பார்கள், அதனால் பட்டியலில் வரும். இங்கே எலும்புத் துண்டுகளோடு கலயத்தில் வைத்து வெள்ளைத் துணி கட்டித் தருவதையே குடும்பங்கள் எதிர்பார்க்கின்றன. திருவையாற்றிலோ பூம்புகாரிலோ கரைக்க அதுவே முறை. 30 கிலோ நாய்க்கு ஒரு கிலோ அளவுக்கு வரும். எண் பொறித்த ஸ்டீல் வில்லை ஒன்று உடலோடு உள்ளே போய் அஸ்தியோடு வெளியே வரட்டும். குடும்பம் நம்பி ஒப்படைத்ததற்கு அதுதான் சாட்சி. கழுத்துப் பட்டை, பிளாஸ்டிக் பை, ரெக்சின் மெத்தை எதுவும் உள்ளே போகக் கூடாது, பி.வி.சி. எரிந்தால் நச்சு வாயு வரும், சிம்னியும் அரிக்கும். பருத்தி வேட்டி, கோரைப்பாய், பூ போதும்.

மாதச் செலவு இப்படி வரும். 15 லட்சம் கடன், 11 சதவீதம், ஐந்து ஆண்டு என்றால் தவணை 32,600. இரண்டு பேர் சம்பளம் 30,000. மின்சாரம், பராமரிப்பு ஒதுக்கீடு 11,000. ஆக 74,000 பக்கம். ஒரு தகனத்துக்கு 5,000 வாங்கி, எரிபொருளுக்கு 2,000 போனால் மிச்சம் 3,000. மாதம் 25 தகனம் நடந்தால்தான் கைநட்டம் இல்லை. கும்பகோணம், மன்னார்குடி அளவுள்ள ஊர் ஒன்றில் மட்டும் நம்பி இறங்க முடியாது. நான்கைந்து ஊர் கால்நடை மருத்துவர்களிடம் மாதம் எத்தனை இறப்பு வருகிறது என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 25-ஐ எட்டாவிட்டால், கடன் இல்லாமல் நன்கொடையிலோ நகராட்சி இடத்திலோ போட்டால் மட்டுமே இது நிற்கும்.

ஆர்டரில் எழுத வேண்டியவை: முன்பணம் 40 சதவீதம், பட்டறையில் பார்த்தபின் 40, மனையில் ஓட்டிக் காட்டியபின் 10, கடைசி 10 மூன்று மாதம் கழித்து. புதுக் காஸ்டபிளை உலர்த்தும் பொறுப்பு விற்பவருடையது. ஊற்றி ஒரு நாள் ஆறவிட்டு, 110 டிகிரியில் நாள் முழுக்க வைத்து, பிறகு மணிக்கு 25, 30 டிகிரி மட்டும் ஏற்றி, 350-லும் 550-லும் நிறுத்தி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே அடைபட்ட ஆவி காஸ்டபிளைத் துண்டு துண்டாகத் தெறிக்க வைக்கும். மழையில் நனைந்த உலைக்கும் இதே நிதானம்.

ஓட்டிக் காட்டும் நாளில் மூன்றைப் பாருங்கள். இரண்டாம் அறை அனுமதிக் கடிதத்தில் உள்ள சூட்டைத் தொடும் முன் முதல் அறையின் பர்னர் பற்றாதபடி பூட்டு வேலை செய்கிறதா? முழுச் சூட்டில் வெளித்தகட்டின் மேல் வெப்பமானி 70 டிகிரிக்குள் காட்டுகிறதா? கொழுத்த உடல் எரியும் முதல் அரை மணி நேரம் சிம்னி உச்சியில் கரும்புகை இல்லாமல் இருக்கிறதா? கொழுப்பு தானாக எரியும் அந்த நேரத்தில் முதல் பர்னரை நிறுத்திக் காற்றை மட்டும் கூட்ட வேண்டும். ஆப்பரேட்டருக்கு அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கொழுத்த நாயை 800 டிகிரியில் இருக்கும் உலைக்குள் தள்ளவே கூடாது, எல்லாக் கொழுப்பும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அன்றைய தகனங்களில் பெரியதை, முதல் அறை முழுச் சூடு ஏறும் முன்பே, முதலில் வையுங்கள், சிறியவை பின்னால் வரட்டும். மேலே சொன்ன மூன்று சோதனைகளில் ஒன்று தவறினாலும் அந்தப் பத்து சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சரிசெய்து மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.